அந்த அம்மா பயந்தாங்களா?

அந்த ஆங்கில நாளிதழில் குற்றச் செய்தி எது வந்தாலும் கடைசியில் ஜட்ஜம்மாவின் மேஜையில்தான் போய் விழும். ஜட்ஜம்மா நீதிபதி இல்லை, துணை ஆசிரியர். நிருபர்கள் அள்ளிக்கொண்டு வந்து கொட்டும் ஆங்கிலத்தைக் கழுவித் துடைத்துத் தலைப்புப் போட்டுப் பக்கத்துக்கு அனுப்புவது அவள் வேலை. தீர்ப்புச் சொல்லும் தோரணையில் திருத்துவதால் யாரோ வைத்த பெயர். வைத்தவன் வேலையை விட்டே போய்விட்டான். பெயர் மட்டும் தங்கிவிட்டது.

சேர்ந்தது தொலைபேசி ஆபரேட்டராக. அந்தக் காலத்தில் வெளியூர் நிருபர்கள் போனில் கத்துவார்கள், இவள் காதில் கருவியை இடுக்கிக்கொண்டு எழுதுவாள். லைன் எப்போது அறுந்துபோகும் என்று தெரியாது. அதனால் ஆள் செத்தானா பிழைத்தானா என்று கேட்பதற்கு முன்பே "வயசு என்ன?" என்று கேட்டு வாங்கிவிடுவாள். அந்தப் பழக்கம் கல்யாண வீட்டில்கூடப் போகவில்லை. சொந்தக்காரப் பெண்கள் இவளைக் கண்டதும் பந்தியின் மறுகோடிக்கு நகர்ந்துவிடுவார்கள். தன் வயதை மட்டும் அவள் யாருக்கும் சொன்னதில்லை. அலுவலகம் அவளுக்கு உத்தேசமாக ஐம்பது போட்டு, வருடக்கணக்காக அதிலேயே நிறுத்தி வைத்திருந்தது.

'ராப்' (rob) என்ற ஆங்கிலச் சொல் விஷயத்தில் அவள் கண்டிப்பு ஒரு நகைக்கடைக்காரரால் வந்தது. ராத்திரி அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது எவனோ கள்ளச்சாவி போட்டுக் கடையைத் திறந்து அள்ளிக்கொண்டு போய்விட்டான். நிருபர் 'ராப்' என்று எழுத, துணை ஆசிரியராகிப் புதிதாக உட்கார்ந்திருந்த இவளும் அப்படியே விட்டுவிட்டாள். மறுநாள் கடைக்காரர் மனைவியோடு வந்து இறங்கினார்.

"அடிச்சுப் பிடுங்கினாங்கன்னு போட்டுட்டீங்களேம்மா! சொந்தம் பூரா வந்து காயம் எங்கே, காயம் எங்கேன்னு சட்டையத் தூக்கிப் பாக்குது!"

"என் மாமியார் மட்டும் பாத்துட்டு, ஒண்ணையும் காணோமேன்னு வருத்தப்பட்டாங்க" என்றாள் மனைவி.

அன்றிலிருந்து அந்தச் சொல் அவளைத் தாண்டிப் போவது லேசில்லை. ஆள் இல்லாத நேரத்தில் போனால் அது 'ஸ்டீல்' (steal), வெறும் திருட்டு. 'ராப்' என்றால் ஆள் எதிரே நிற்க வேண்டும். கை ஓங்கியிருக்க வேண்டும், இல்லை மிரட்டியிருக்க வேண்டும். பணத்தை 'ராப்' பண்ண முடியாது, பணம் வைத்திருக்கும் ஆளைத்தான் பண்ண முடியும். கீழ்த்தளத்தில் தமிழ்ப் பத்திரிகைக்காரர்கள் 'வழிப்பறி' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள். மேல்தளத்திலோ நிருபர்களை நிற்க வைத்துக் குறுக்கு விசாரணை நடக்கும். விசாரணையின் கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அந்த அம்மா பயந்தாங்களா?" தெரியாது என்றால் பறிகொடுத்தவர் வீட்டுக்கே திரும்பப் போய்க் கேட்டுவர வேண்டும்.

இதில் அதிகம் அலைந்தவன் சைரன். குற்றச் செய்தி நிருபன். ஆள் வருவதற்கு முன்னால் அவன் சத்தம் வந்துவிடும்.

அன்றைக்கு மாலை ஷிஃப்டுக்கு ஜட்ஜம்மா வந்தபோது கையில் ஒரு குடை மட்டும் இருந்தது. அதுவும் கம்பி முறிந்த குடை. நாற்காலியில் உட்கார்ந்து, கணினித் திரையைப் பார்த்து, இன்னும் கிட்டே போய்ப் பார்த்து, மூக்கு இடிக்கும் அளவுக்குப் போய்விட்டுப் பின்வாங்கினாள்.

"என்னக்கா, கண்ணாடி எங்கே?" என்றான் சைரன்.

"பையோட போச்சு. யாரோ எடுத்துட்டான். திருட்டு. விடு."

"எங்கே வெச்சிருந்தீங்க?"

"வரும்போது... மேம்பாலப் படியில."

"படியில வெச்சுட்டா வந்தீங்க?"

"தோள்ல இருந்துச்சுடா."

சைரன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். இத்தனை வருடம் அவள் அவனைப் போட்டுப் பிழிந்ததெல்லாம் அவன் முகத்தில் வெளிச்சமாக எரிந்தது.

"தோள்ல இருந்த பை. எதிர்ல ஆள் இருந்தானா?"

"இருந்தான்."

"ஏதாவது சொன்னானா?"

ஜட்ஜம்மா குடையின் கைப்பிடியைத் திருகினாள். "'பையக் குடுத்துடுங்கம்மா, சத்தம் போட்டா குத்த வேண்டியதாயிடும்'னான். ரொம்ப மரியாதையாத்தான் சொன்னான்."

"கத்தியா?"

"கை பாக்கெட்டுக்குள்ள இருந்துச்சு. உள்ளே கத்தி இருந்துச்சோ, சீப்பு இருந்துச்சோ."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"வயசு கேட்டேன்."

"யாருகிட்ட?"

"அவன்கிட்டதான். வாயில தானா வந்துடுச்சு. இருபத்தி நாலுன்னான்."

பக்கத்து மேஜையில் விளையாட்டுப் பக்கம் பார்ப்பவர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரை விசைப்பலகையில் துப்பினார். சைரன் எழுந்து நின்றுவிட்டான். "அக்கா! கத்தி காட்டினவன்கிட்ட வயசு கேட்டிருக்கீங்க! உங்களுக்குப் பயம்னா என்னன்னே தெரியாதுக்கா!"

சத்தம் கேட்டுச் செய்தி ஆசிரியர் கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகமே மாறியது. முதல் பக்கத்துக்குப் போட வேண்டிய விளம்பரம் கடைசி நேரத்தில் கைவிட்டுப்போய், கீழே ஒரு துண்டு இடம் காலியாகக் கிடந்தது.

"நம்ம ஆளே மேடம்! நம்ம பத்திரிகைப் பெண்மணி, ஆயுதம் வெச்சிருந்தவனோட போராட்டம். போட்டுத் தாக்குப்பா. படத்தோட."

"சார், போராட்டம் ஒண்ணும்..."

"குடை இருக்கே கையில! கம்பி ஒடிஞ்சிருக்கே!"

"அது போன மழையில ஒடிஞ்சது சார். ரிப்பேருக்கு எடுத்துட்டு வந்தேன்."

அவர் அதற்குள் அறைக்குத் திரும்பிவிட்டார்.

மேஜைத் தொலைபேசி அடித்தது. கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பாலத்தடியில் பழம் விற்பவரின் போனை வாங்கி ஜட்ஜம்மா முன்பே போலீசுக்கும் அவருக்கும் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அப்போது அவர் முதலில் கேட்டது, "ஐயோ, அந்த ஃப்ரேம் புதுசாச்சேம்மா" என்று. இப்போது குரலில் வேறு குஷி.

"கடையில எல்லாரும் அசந்துட்டாங்க. குடையால நாலு சாத்து சாத்தினேன்னு..."

"யார் சாத்தினது?"

"நீதான்."

"என்னங்க, நான் அப்படிச் சொல்லவே இல்லையே!"

"சொல்லலை. ஆனா கேக்கறவங்க முகத்தப் பாத்தா என் பொண்டாட்டி பைய சும்மா குடுத்துட்டான்னு எப்படிச் சொல்றது? என் தம்பிக்கும் போன் பண்ணிட்டேன்."

ஜட்ஜம்மா போனை வைத்தாள். ஆசையாகத்தான் இருந்தது. கொழுந்தன் இத்தனை காலமாக அவளை 'கமா போடுற அண்ணி' என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறான். நாளைக் காலையில் முதல் பக்கத்தில் குடையோடு நின்றால் அவன் வாய் அடைத்துவிடும். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலே போதும், பக்கம் தன்னால் அச்சுக்குப் போய்விடும்.

சைரன் எழுதி முடித்தான். அவளால் படிக்க முடியாது என்பதால் எழுந்து நின்று உரக்க வாசித்தான். அறை முழுவதும் கேட்டது. அதில் அவள் அஞ்சா நெஞ்சத்தோடு எதிர்த்து நின்றாள், குடையை வீசினாள். திருடன் 'பயங்கர மோதலுக்குப் பிறகு' பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

யாரோ கைதட்டினார்கள்.

"உக்காரு" என்றாள் ஜட்ஜம்மா. "கடைசிக் கேள்வி கேட்டியா?"

"எந்தக் கேள்விக்கா?"

"உன்னை எத்தனை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிக் கேக்க வெச்சேன்? அதைக் கேளு."

சைரனுக்குச் சங்கடமாகிவிட்டது. எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டான். "அந்த அம்மா... பயந்தாங்களா?"

"பை போறதுக்கு முன்னால ஏதாவது எடுத்துக்கறீங்களாம்மான்னு கேட்டான். உண்மையிலேயே கேட்டான். உள்ளே கண்ணாடி இருக்கு. அது இல்லேன்னா எனக்கு வேலை இல்லை. போன் இருக்கு. வீட்டுச் சாவி இருக்கு. நான் என்ன எடுத்தேன் தெரியுமா? இந்த ஒடிஞ்ச குடைய. எடுத்துக் கும்பிடு வேற போட்டேன், அவனுக்கு! அவன் போனப்புறம் படியில உக்காந்தேன். எழுந்திருக்க முடியலை. பழக்காரம்மா வந்துதான் தூக்கிவிட்டாங்க. வயசு கேட்டது தைரியத்துல இல்லடா. மூளை நின்னுபோச்சு, வாய் மட்டும் ஆபீசுக்கு வந்துடுச்சு."

விளையாட்டுப் பக்கக்காரர் மெதுவாக, "கும்பிட்டீங்களா?" என்றார்.

"நல்லாக் கும்பிட்டேன். நான் சொல்றேன், அடி."

பழைய ஆபரேட்டர் குரலில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, அவள் சொல்லச் சொல்ல சைரன் தட்டினான். மோதல் போயிற்று. அஞ்சா நெஞ்சம் போயிற்று. மேம்பாலப் படியில் பத்திரிகைப் பெண் ஊழியர் 'ராப்' செய்யப்பட்டார். குத்திவிடுவதாக ஒருவன் மிரட்டியதால் பயந்து, எதிர்ப்பு எதுவும் காட்டாமல் பையைக் கொடுத்துவிட்டார். தனக்கு வயது இருபத்தி நான்கு என்று அவன் சொன்னான். காவல்துறை தேடுகிறது.

செய்தி ஆசிரியர் வந்து படித்துவிட்டு மோவாயைத் தடவினார். "குடை?"

"குடைய ரிப்பேருக்குக் குடுக்கணும் சார்."

"முதல் பக்கத்துக்கு இது கொஞ்சம் சப்புன்னு இருக்கே மேடம்."

"அப்போ உள்பக்கத்துல போடுங்க. ஆனா இந்த வரியில கை வெக்காதீங்க."

அவர் பெருமூச்சு விட்டுவிட்டு உள்பக்கத்துக்கு அனுப்பச் சொன்னார். சைரன் பொத்தானை அமுக்கப் போனவன், விரலை அந்தரத்தில் நிறுத்தினான்.

"அக்கா, ஒண்ணு குறையுதே."

"என்ன?"

"ரெண்டு பேர் வயசும் இல்லாம குற்றச் செய்தி அனுப்பினா தூக்கி மூஞ்சில வீசுவீங்களே. அவன் வயசு இருக்கு."

அறையில் தட்டச்சுச் சத்தம் ஒவ்வொரு மேஜையாக நின்றது. கண்ணாடி அறைக்குப் பாதி தூரம் போயிருந்த செய்தி ஆசிரியரும் நின்றுவிட்டார். ஜட்ஜம்மா மங்கலாகத் தெரிந்த அத்தனை தலைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பாலத்தில் நின்றபோதுகூட இவ்வளவு வியர்க்கவில்லை.

"ஐம்பத்தி ஏழு" என்றாள்.

"நிஜமாவா?" சைரன் வாயைப் பிளந்தான்.

"மிரட்ட வந்தவனே மறைக்காமச் சொன்னான். எழுதுடா."