நாகஜோதியின் அம்புக்குறிகள்

கத்திரிக்காயைக் காம்போடு பிடித்து வெளிச்சத்துக்கு நேராக ஒரு சுற்று சுற்றுகிறார் நாகஜோதி. வலப்பக்கம், இடப்பக்கம், அடிப்பக்கம். பொட்டு அளவுக்கு ஓர் ஓட்டை தட்டுப்பட்டதும், இடது முன்கையில் வரிசையாக ஒட்டி வைத்திருக்கும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்களில் ஒன்றை உரித்து, ஓட்டையைக் காட்டும்படி ஒட்டி, காயைத் தள்ளுவண்டியிலேயே திரும்ப வைக்கிறார். "பூச்சி இருக்குண்ணே. அடுத்தாளு தெரியாம வாங்கிட்டுப் போயிரக் கூடாதுல்ல." காய்க்காரர் முதல் மாதம் சண்டை போட்டுப் பார்த்தார். இப்போது அம்பு ஒட்டிய காய்களைத் தானே பொறுக்கி, ஆடு வளர்க்கும் வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்.

பனியன் கம்பெனியில் பதினான்கு வருடமாகச் செக்கிங் வேலை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருப்பூர் வந்த மறுவாரமே மேசை முன்னால் நின்றவர், இன்னும் உட்காரவில்லை. ஒரு நாளைக்கு ஆயிரம் டி-சர்ட்டாவது கையில் புரளும். கழுத்து, தோள், கை, பக்கத் தையல், அடி மடிப்பு. இந்த வரிசை ஒருநாளும் மாறாது. தையல் விட்டிருந்தாலோ எண்ணெய்க் கறை இருந்தாலோ அந்த இடத்தில் ஓர் அம்பு விழும். அம்பு விழுந்த பீஸுக்கு 'ஆல்டர்' என்று பெயர். டெய்லரிடம் திரும்பிப் போய்ச் சரியாகி வரும். சரிசெய்யவே முடியாதது 'ரிஜெக்ட்'. இந்த இரண்டாவது சொல் நாகஜோதிக்கு அவ்வளவு சீக்கிரம் வாயில் வராது. "ரிஜெக்ட்டுனு தூக்கிப் போடுறது லேசுண்ணே. பொறுமையாப் பாத்தா முக்காவாசி ஆல்டர்லயே முடிஞ்சிரும்" என்பார். அவர் லைனில் இன்னொரு சட்டமும் உண்டு. அம்பை ஒட்டியவரே திரும்பப் பார்த்து, அவரேதான் உரிக்க வேண்டும்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இராது. முடி வெட்டிக்கொண்டு வந்த கணவர் ஜெயபாண்டியின் பின்கழுத்தில், விட்டுப்போன முடியைக் காட்டி ஓர் அம்பு ஒட்டினார். அந்த மனிதர் தெரியாமல் டீக்கடை வரை போய்ச் சிரிப்பு வாங்கித் திரும்பினார். மகள் ஆஷாவின் கணக்கு நோட்டில் அம்பு, கசியும் குழாயில் அம்பு. ஆறு வீடுகள் உள்ள எங்கள் வரிசையில் அம்பு வாங்காத ஒரே ஆள் நான்தான். துணிகளில் தைக்கும் லேபிள்களை அச்சடிக்கும் பிரஸ்ஸில் நான் பிழை திருத்துகிறேன். குற்றம் கண்டுபிடிக்கும் தொழிலில் இருப்பவர்களுக்குள் ஒரு மரியாதை என்று நினைத்து, அதில் கொஞ்சம் பெருமைகூட வைத்திருந்தேன்.

ஆறு வீடுகளுக்கும் சொந்தக்காரர் கிட்டுசாமி. முப்பது மெஷின் போட்டு பனியன் கம்பெனி நடத்துகிறவர். இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய மாடிவீடு. அவர் மகன் நித்தீஷ் ஆசை ஆசையாக வாங்கி வளர்த்த நாய், ஆஸ்கர். மேல்படிப்புக்கு அவன் ஜெர்மனி போனதும், நாயைக் கொண்டுவந்து சுவரோரம் ஜெனரேட்டர் பக்கத்தில் கட்டிவிட்டார்கள். இரண்டு முழச் சங்கிலி. நினைவு வந்தால் சோறு, நினைவு வந்தால் தண்ணீர். மாசி பிறந்து வெயில் ஏறியபோது, அது ஜெனரேட்டரின் நிழல் நகர நகரத் தானும் நகர்ந்து, சங்கிலி இழுத்ததும் நின்றுவிடும்.

காலையில் குழாயடியில் இதுதான் பேச்சு. போலீஸில் சொல்லலாம் என்றார் ஒருவர். வீடியோ எடுத்துப் போடலாம் என்றார் இன்னொருவர். போட்டால் யார் போட்டது என்று தெரியும், தெரிந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார் என்று எல்லாருக்கும் பயம். அதனால் பேச்சோடு சரி. நான் அந்தப் பேச்சுக்குக்கூடப் போகவில்லை. நாய் முனகும்போதெல்லாம் சுவர்ப்பக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு, 'நேரடி வெயிலில் உலர்த்தக் கூடாது' என்ற லேபிளில் எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடுதான்.

வீடு போனால் எங்களைவிட நாகஜோதிக்குத்தான் கஷ்டம். ஆஷா பத்தாம் வகுப்பு. பொதுத் தேர்வுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. "ஓனர் வீட்டுச் சமாச்சாரம் நமக்கு வேணாம். பிள்ளை பரீட்சை முடியட்டும்" என்று ஜெயபாண்டி கும்பிடாத குறையாகச் சொன்னார்.

"அதுவரைக்கும் அது உசுரோட இருக்கணும்ல" என்றார் நாகஜோதி.

திங்கட்கிழமை காலை, சுவருக்கு மேல் கையை நீட்டி, காய்ந்து கிடந்த தட்டின் விளிம்பில் ஓர் அம்பு ஒட்டினார். செவ்வாய்க்கிழமை சங்கிலியில். புதன்கிழமை நிழலில்லாத வெறும் தரையைக் காட்டிச் சுவரின் உள்பக்கத்தில். வியாழக்கிழமை நாயின் கழுத்துப்பட்டையில், காதைப் பார்த்து.

இருபத்தெட்டு வருடம் பனியன் தொழிலில் ஊறிய மனிதரால் ஓர் அம்பைக் கண்டும் காணாமல் போக முடியுமா? தட்டில் தண்ணீர் வந்தது. சங்கிலி போய் நீளக் கயிறு வந்தது. தலைக்கு மேல் பச்சை வலை கட்டியாயிற்று. யார் ஒட்டியது என்று யோசிப்பதற்கு முன்பே கை வேலையை முடித்துவிட்டது போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை கிட்டுசாமி யோசித்துவிட்டார்.

காலை ஏழு மணிக்கு நாயின் தட்டைக் கையில் பிடித்தபடி எங்கள் குழாயடிக்கு வந்து நின்றார். "இதை ஒட்டுனது ஆருங்க?"

குடம் நிறைந்து வழிந்தது. ஒருவரும் குழாயை மூடவில்லை. ஜெயபாண்டி சட்டைப் பொத்தான்களைத் தப்பான துளைகளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"நான்தாங்கய்யா" என்றார் நாகஜோதி.

"இருவத்தெட்டு வருசமா கம்பெனி வெச்சிருக்கறனுங்க. சரக்கு வாங்கற பையர் வந்து ஒட்டீருக்கறான், பையரோட ஆளு வந்து ஒட்டீருக்கறான். ஊட்டுக்குள்ள வந்து ஆரும் ஒட்டுனதில்லீங்க அம்மிணி."

"தப்புத்தாங்கய்யா. காலி பண்ணச் சொன்னாலும் பண்ணிர்றோம், பிள்ளை பரீட்சை மட்டும் முடியட்டும். ஆனா அதுக்குக் காதுல சீழ் வைக்குது. இப்பப் பாத்தா ஆல்டர்தான். இன்னும் ரிஜெக்ட் ஆகல."

கிட்டுசாமி தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காதை நான் பாக்கவே இல்லீங்க. பையன் போனதுலருந்து அக்கட்டால திரும்பறதே இல்லீங்க. அதைப் பாத்தா அவன் நெனப்பு வந்துருது." குரல் இறங்கிவிட்டது. அவர்மேல் எனக்கிருந்த கோபம் அந்த இடத்தில் பாதியாகக் குறைந்தது.

பிறகு கம்பெனியில் பேசும் குரலுக்கு மாறினார். "காலி பண்ற பேச்சே வேண்டாமுங்க. ஆல்டர் போட்டவங்கதான் ரீசெக் பண்ணோணும். டாக்டர்கிட்டக் காட்டிப்போட்டு ஞாயித்துக்கெழம கூட்டியாறனுங்க. பாத்துச் சொல்லுங்க." தட்டிலிருந்த அம்பை அவர் உரிக்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் காலையில் குழாயடியில் ரீசெக். கழுத்து, தோள், கை, வயிற்றோரம், வால் என்று அதே வரிசை. 'கை' முறை வரும்போது ஆஸ்கர் தானாகவே முன்காலைத் தூக்கிக் கொடுக்கிறது. கிட்டுசாமி பையர் முன்னால் நிற்பதுபோல் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். சில வாரம் ஒரு கையில் செல்போனும் இருக்கும். ஜெர்மனியிலிருந்து நித்தீஷ் பார்த்துக்கொண்டிருப்பான். உண்ணி ஒன்று அகப்பட்டால் நாகஜோதி புருவத்தைத் தூக்குவார், கிட்டுசாமி தலையைக் குனிவார். ஆஷா பரீட்சை எழுதி முடித்தாள். அம்புகள் வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்து, கழுத்துப்பட்டையில் இருந்தது மட்டும் மிச்சம்.

போன ஞாயிறு அந்தக் காதையும் மடித்துப் பார்த்தார். புண் ஆறி, முடிகூட முளைத்திருந்தது. "பாஸ்" என்றார். கிட்டுசாமிக்கு வாயெல்லாம் பல்.

"அம்மிணி, அவிநாசிபாளையத்துல சொந்தக்காரங்க ஊட்டுல ஒரு சீருங்க. நானும் ஊட்டுக்காரியும் ரெண்டு நாளைக்கு இருக்க மாட்டோம். இவனை ஆராச்சும் பாத்துக்கோணும்."

"எனக்கு ஷிப்மென்ட் இருக்கேய்யா. ரெண்டு நாளும் ஓவர்டைம்."

நாகஜோதி குழாயடியை ஒரு சுற்றுப் பார்த்தார். பெண்கள் குடங்களுக்குள் எதையோ தேடினார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். செய்தித்தாளை முகத்துக்கு உயர்த்திக்கொண்டேன்.

ஒரு விரல் செய்தித்தாளை மெல்லக் கீழே இறக்கியது. ஆஸ்கரின் கழுத்துப்பட்டையிலிருந்து உரித்த கடைசி அம்பை என் சட்டைப்பையின் மேல், முனை என் முகத்தைப் பார்க்கும்படி ஒட்டி, ஓரம் தூக்கிக்கொள்ளாமல் இருக்கப் பெருவிரலால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தார் நாகஜோதி. பிறகு நாயின் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.