கண்டிக்குப் போன பிடிக் கம்பு

தேவாரத்துக்கு மேற்கே, மலை எழும்பத் தொடங்குகிற இடத்தில் ஒரு கிறிஸ்தவ ஊர். அங்கே பங்கிராஸ் வாத்தியாரைத் தெரியாதவர்கள் கிடையாது. பிள்ளைகள் மேல் கை வைக்காத வாத்தியார் என்று பேர். கல்யாணம் கட்டாதவர் என்றும் பேர். சாமியாருக்குப் படிக்கப் போன இடத்தில் ஏதோ தப்புப் பண்ணி விரட்டப்பட்டவர் என்று சிலர் காதைக் கடிப்பார்கள். வாய் இருக்கிறவர்கள் பேசத்தான் செய்வார்கள். நடந்தது வேறு.

பங்கிராசின் அப்பன் பெரியாற்று அணை வேலைக்குப் போய், மலைக்காய்ச்சலோடு திரும்பி வந்து, வந்த வாரமே கண்ணை மூடினார். மிச்சம் இருந்தது ஆத்தா வியாகுலமேரி, தங்கச்சி ஞானசெல்வி, இரண்டு குறுக்கம் மானாவாரிப் புஞ்சை. கம்பு விளைந்தால் கம்பங்கஞ்சி, சோளம் விளைந்தால் சோளச்சோறு. நெல்லுச்சோறு கிறிஸ்து பிறப்புக்கும் ஊர்த் திருநாளுக்கும்தான். இந்த வீட்டுப் பையன் பூசையில் லத்தீன் மறுமொழியைத் தட்டாமல் தடுமாறாமல் சொல்வதைக் கேட்டுப் பங்குச்சாமியார் அசந்துபோனார். அவனைச் சாமியாருக்குப் படிக்கிற குருமடத்தில் சேர்க்க அவர் ஆசைப்பட்டதில் அதிசயம் இல்லை. ஆனால் அந்தக் குருமடம் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், கண்டிக்குப் பக்கத்து மலையில் இருந்தது.

"இருக்குறது ஒத்த ஆம்பளப் பிள்ள, அவனையும் கடலுக்கு அங்கிட்டு அனுப்பப் போறியாக்கும்" என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. வியாகுலமேரி எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. தன் வயிற்றில் ஒரு சாமியார் பிறந்தார் என்றால் அவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. அவளை அரித்தது ஒரே ஒரு கவலைதான்.

"அங்கன ஒனக்குச் சோறு யாருய்யா போடுவாக?"

இதை அவள் காலையில் கேட்பாள், கஞ்சி ஊற்றும்போது கேட்பாள், படுத்த பிறகும் கேட்பாள். போகிற நாள் நெருங்க நெருங்க அவளுக்கே கஞ்சி இறங்காமல் போயிற்று. பங்கிராசுக்கு மனசு கேட்கவில்லை.

அந்த ஊரில் பிடி எடுத்து வைப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. உலையில் போடத் தானியம் எடுத்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போட்டுவிடுவார்கள். சாமியார் வராத நாளில் ஊருக்கு ஜெபம் சொல்லித் தருகிற உபதேசியார் அந்தோணிமுத்து சனிக்கிழமைதோறும் சாக்கோடு வந்து வீடு வீடாக வாங்கிப் போவார். அதை விற்று வந்த காசு குருமடத்துப் பிள்ளைகள் செலவுக்குப் போகும். "நீங்க வைக்கிற பிடிதான் அங்கன சோறா வேகுது" என்று கோயிலில் அவர் சொல்வதும் உண்டு. ஊரைக் கொடுக்க வைப்பதற்காகச் சொல்கிற பேச்சு அது.

பங்கிராஸ் அதையே எடுத்துச் சொன்னான். "ஒன் கையால வைக்கிற பிடிதான் ஆத்தா அங்கன எனக்குச் சோறு. நீ வச்சுக்கிட்டே இரு, நான் ஒரு வேள பட்டினி கெடக்க மாட்டேன்."

ஆத்தா முகம் தெளிந்துவிட்டது. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள். பேச்சுக்குச் சொன்னதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. இங்கே கலயத்தில் பிடி விழுந்தால்தான் அங்கே பிள்ளை தட்டில் சோறு விழும், இங்கே ஒரு நாள் தவறினால் அங்கே ஒரு நாள் தவறும். அவள் கணக்கு அவ்வளவுதான்.

மாட்டு வண்டியில் சின்னமனூர், தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு என்று போய் அம்மையநாயக்கனூரில் ரயில் ஏறினான். தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது, தோணியில் போய்த்தான் ஏற வேண்டும். அதுவரைக்கும் கண்மாயைத் தவிரப் பெரிய தண்ணீரைப் பார்த்திராதவன், தோணி ஆட ஆட மேற்கே மலை தெரிகிறதா என்று தேடினான். பிறந்த நாளிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் பட்ட மலை. அது இல்லாத திசையை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தான். கப்பல் தளத்தில் கூலிச் சனங்களோடு சனமாகக் குந்தி, குடலைப் பிடுங்குகிற மாதிரி வாந்தி எடுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தான்.

கொழும்பில் இறங்கியதும் கண்ணில் பட்டது ஆண்பிள்ளைகள் கொண்டையில் செருகியிருந்த சீப்பு. நம் பக்கத்திலும் ஆம்பளைக்குக் குடுமி உண்டு, ஆனால் சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டு வீதிக்கு வருகிறவனை யார் பார்த்தது? இந்த ஆள் மறந்து வந்துவிட்டார் என்று முதலில் நினைத்தான். நாலைந்து பேரைப் பார்த்த பிறகுதான் அது அவர்கள் மரியாதை என்று புரிந்தது. கண்டி ரயில் ஏறினால் இரண்டு பக்கமும் பச்சை. புழுதி என்று ஒரு பொட்டுக் கிடையாது. மலையைக் குடைந்த இருட்டுக்குள் ரயில் நுழைந்தபோது கண்ணை மூடிக்கொண்டு அருள் நிறைந்த மந்திரம் சொன்னவன், வெளிச்சம் வந்த பிறகும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டே இருந்தான்.

அவனை உலுக்கியது மழை. ஊரில் ஒரு தூறல் விழுந்தால் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து மேகத்தைப் பார்ப்பார்கள். இங்கே கொட்டுகிற மழையை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. "சனியன் மழை" என்று திட்டுகிறார்கள். மழையைத் திட்டுவதை அவன் அதற்கு முன் கேட்டதே இல்லை. குருமடத்துத் தாழ்வாரத்தில் நின்று, இதில் பாதியைக் கடலுக்கு அந்தப் பக்கம் ஊருக்குக் கொண்டுபோக வழி இருந்தால் என்று நினைத்தான். அப்போது அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மங்களூர்ப் பையன்கள், கொச்சிப் பையன்கள், புதுச்சேரிப் பையன்கள் என்று பல ஊர்ப் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். தேவாரத்துச் சந்தையில் பொறுக்கிய மலையாளத்தை வைத்துக்கொண்டு கொச்சிப் பையன்களோடு ஒட்டிக்கொண்டான். லத்தீன் வந்துவிட்டது. சப்பாத்துத்தான் காலைக் கடித்தது, அட்டையும் கடித்தது. சாப்பாடு மூன்று வேளையும் சோறு. சிவப்பரிசி, தேங்காய்ச் சம்பல், மாசிக் கருவாடு. அந்தக் கருவாட்டு வாடை பிடிக்காமல் முதல் நாட்களில் பாதியைத் தட்டிலேயே விட்டு எழுந்தான். ஒரு நாள் தட்டைக் கழுவப் போகும்போது ஆத்தாவின் கை நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒரு பருக்கை விட்டதில்லை. ஊருக்குக் கடிதாசி போடும்போதெல்லாம் "உன் பிடி வந்து சேருகிறது, வயிறு நிறையச் சாப்பிடுகிறேன்" என்று எழுதினான். உபதேசியார் படித்துக் காட்டுவார். பாவி, ஆத்தா சந்தோஷப்படுவாள் என்றுதான் எழுதினான்.

அவன் போன மூன்றாம் வருடம் ஊர்ப்பக்கம் வானம் கைவிட்டது. பெரியாற்றுத் தண்ணீர் ஆற்றோரத்து நஞ்சைக்குக் கொண்டாட்டம். மலையடிப் புஞ்சைக்கு அதில் ஒரு சொட்டும் ஏறாது. குருமடத்தில் இருந்தவனுக்கு இதெல்லாம் தெரியாது, படிக்கிற பிள்ளை மனசு கலங்கும் என்று ஆத்தா எழுத விடவில்லை. வியாழக்கிழமைகளில் மாணவர்கள் வெள்ளை அங்கியோடு வரிசையாக உலாவப் போவார்கள். அப்படிப் போன ஒரு நாள், தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோகிற கங்காணி ஒருவன் தன் கூட்டத்தைச் சாலையோரம் உட்கார வைத்திருந்தான். தோணியில் வந்து இறங்கி, அங்கிருந்து காடு வழியாக நடந்தே வந்தவர்கள். காலெல்லாம் புண்.

"ஏலே, நீ வியாகுலமேரி மகன் பங்கிராசு தான?"

திரும்பிப் பார்த்தான். பக்கத்துப் புஞ்சைக்காரி சந்தனம்மாள். அப்பன் காலத்திலிருந்து விதைப்புக்கும் அறுப்புக்கும் மாற்றி மாற்றி ஆள் போகிற வீடு. அவளைக் கன்னத்து மச்சத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டான், மற்றதெல்லாம் எலும்பு.

"அத்தை, நீங்களா? ஆத்தா எப்படி இருக்கு? ஞானசெல்வி?"

சந்தனம்மாள் அவன் அங்கியையும், கன்னத்துச் சதையையும் பார்த்தாள். "ஒனக்கு ஒண்ணும் தெரியாதா?" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "ஞானசெல்வி போயிருச்சுய்யா. புளியங்கொட்டையும் கத்தாழக் கெழங்கும் அவிச்சுத் தின்னோம். வயித்தால போயி, எந்திரிக்கவே இல்ல."

அவள் மேலும் சொன்னாள்.

"ஒங்காத்தா அந்தப் பிடிய விடலய்யா. யாரும் வைக்க வேணாம்னு பங்குச்சாமியாரு கோயில்லயே சொல்லிட்டாக. உபதேசியாரு சாக்கத் தூக்கிக்கிட்டு வாரதையே நிறுத்திட்டாக. ஊரே நிறுத்துச்சு. இவ மட்டும் கெடைக்கிற நாழிக் கம்புல ஒரு பிடி எடுத்து, கோயில் வாசல்ல கொண்டுபோயி வச்சுட்டு வருவா. 'ஏ மதினி, சின்னது மொகத்தப் பாரு'ன்னு நானே சண்ட போட்டேன். 'இது என் கண்ணு முன்னால இருக்கு, எதையாச்சும் பெறக்கிக் குடுத்துருவேன். அங்கன இருக்குறவனுக்கு இத விட்டா யாரு இருக்கா'ன்னுட்டா."

வரிசை நகர்ந்துவிட்டது. கொச்சிப் பையன் ஒருவன் திரும்பி வந்து பங்கிராசைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். அன்றைக்குச் சோற்று மணி அடித்தபோது அவன் எழுந்திருக்கவில்லை. தட்டைப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

குருமடத்துப் பெரிய சாமியார் நல்லவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "உன் பங்குச்சாமியாருக்குக் கடிதம் எழுதுகிறேன், அவர் உன் தாயிடம் சொல்லட்டும்" என்றார். பங்கிராஸ் தலையாட்டினான். பங்குச்சாமியார் சொல்லியும் கேட்காதவள் அவள். கடிதம் போனாலும் உபதேசியார்தான் படித்துச் சொல்ல வேண்டும், அவர் பேச்சையும் அவள் தள்ளிவிட்டாள். அந்தப் பொய்யைச் சொன்னது இந்த வாய். இந்த வாய் நேரில் போய்ச் சொன்னால்தான் அவள் நிறுத்துவாள். மழை பெய்கிறவரைக்கும் அவள் தாங்க வேண்டுமே. நடுவில் போனால் திரும்ப இடம் கிடையாது, அது சட்டம் என்று பெரிய சாமியார் எச்சரித்தார். தெரியும் என்றான். அங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வேட்டியோடு புறப்பட்டான்.

ஊருக்குள் அவன் நுழைந்தபோது கண்மாய் வெடித்துக் கிடந்தது. வியாகுலமேரி வாசலில் உட்கார்ந்து ஏதோ கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஓடி வரவில்லை, அழவில்லை. அவன் வேட்டியையே பார்த்தாள்.

"வெரட்டிட்டாகளாய்யா?"

"இல்ல ஆத்தா. நானாத்தான் வந்தேன்."

"எனக்குத் தெரியும்யா." அவள் கீரைக் காம்பைக் கீழே வைத்தாள். "ஒரு நாளு தவறுச்சு. ஞானசெல்வியத் தூக்கிட்டுப் போன அன்னைக்கு அடுப்பே மூட்டல. பிடி வைக்கணும்னு புத்திக்கு எட்டவே இல்ல. அன்னைக்கு ஒனக்குச் சோறு இல்லேன்னு சொல்லியிருப்பாக. அப்படித்தான?"

பங்கிராஸ் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். எல்லாவற்றையும் சொன்னான். அங்கே அண்டா அண்டாவாகச் சோறு வேகும் என்றான். பிடிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, நீ சாப்பிடாமல் கிடந்ததால் சும்மா சொன்னேன், நான் சொன்னது பொய் என்றான். வரும்வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த சொற்கள்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"சாமியாருக்குப் படிச்ச பிள்ள, எனக்காகப் பொய் சொல்லாதய்யா. பாவம்."

பிடி வைப்பதை அவள் நிறுத்தினாள், அது உண்மை. அங்கே சோறு கிடைக்க வேண்டிய பிள்ளை இங்கே வந்துவிட்டான், இனி யாருக்கு வைப்பது? அவன் எதற்காக வந்தானோ அது நடந்துவிட்டது. அடுத்த ஐப்பசியில் மழை பெய்தது, கம்பு வந்தது, அவள் உடம்பும் கொஞ்சம் தேறியது. பங்குச்சாமியார் அவனைப் பங்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக வைத்தார். ஆனால் கோயிலில் எல்லோரும் முன்னால் போய் முழந்தாளிடும்போது வியாகுலமேரி கடைசித் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். ஒரு சாமியாரைக் கெடுத்தவள் முன்னால் போகலாமா என்பாள். பங்கிராஸ் கோபித்துப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். உபதேசியாரைக் கூட்டிவந்து சொல்ல வைத்தான். பங்குச்சாமியாரே சொன்னார். எல்லோரும் சேர்ந்து தன்னை ஆற்றுகிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். சொல்லச் சொல்ல அவளுக்கு அந்த எண்ணம் இறுகியது.

இரண்டு வருடம் கழித்து ஒரு சித்திரையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. சாகிற நேரத்துக்கான அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுச் சாமியார் வெளியே வந்தார். பங்கிராஸ் உள்ளே போனான். நல்ல பகல், வெளியே யாரோ சோளம் இடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அவன் கையைத் தேடிப் பிடித்தாள்.

"சாமி மன்னிச்சிட்டாருன்னு சாமியாரு சொல்லிட்டாக. நீ சொல்லலியேய்யா."

"என்னத்த ஆத்தா?"

"ஒரு நாளுதான்யா தவறுச்சு. ஒன் படிப்பு போயிருச்சே. என்ன மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு."

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் அவன். ஞானசெல்விக்காகவும் கேட்க வேண்டும், இவளுக்காகவும் கேட்க வேண்டும். இல்லை ஆத்தா, தப்பெல்லாம் என்னுடையது என்று இன்னொரு தடவை தொடங்கினால் கேட்டுமுடிக்க அவளுக்கு மூச்சு இருக்காது. அவள் கண்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

"மன்னிச்சிட்டேன் ஆத்தா" என்றான் பங்கிராஸ்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. "நல்லாருய்யா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள்.