பிக்கப்பின் பச்சை விளக்கு

அப்பாவின் பிக்கப் மணலில் புதைந்த அன்று நானும் அதில் இருந்தேன். வடமராட்சி கிழக்குக் கரையில் மீன் ஏற்றிக்கொண்டு குருநகருக்குத் திரும்புவதுதான் அதன் வேலை. கரையிலிருந்து தார் வீதிக்கு ஏற வேண்டுமென்றால் நாலு சில்லும் சேர்ந்து இழுக்க வேண்டும். அதற்கென்று ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு திருகு இருந்தது. அதைத் திருப்பினால், வண்டியின் அடியில் கியர்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு பெட்டியில் ஒரு சின்ன மோட்டார் கர்ரென்று சுழன்று முன்சில்லுகளையும் வேலைக்குச் சேர்த்துவிடும். சேர்ந்ததற்கு அடையாளமாகப் பச்சை விளக்கொன்று எரியும்.

அன்று அது எரியவில்லை. விட்டு விட்டு மின்னிக்கொண்டே இருந்தது. அப்பா திருகைத் திருப்பித் திருப்பிப் பார்க்க, பின்சில்லுகள் மணலைத் தோண்டித் தோண்டி, கடைசியில் வண்டி வயிறு படிய இருந்துவிட்டது. உழவு இயந்திரம் ஒன்று வந்து இழுத்தெடுப்பதற்குள் ஐஸ் கரைந்து மீன் நாறத் தொடங்கியிருந்தது. அப்பா ஒருவரையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் ஏசுவதில்லை, கதைப்பதுமில்லை. அண்ணை வள்ளத்தில் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டுப் போய் வாரக்கணக்காகியும் ஒரு தகவலும் இல்லை. வள்ளக்காரரிடம் அண்ணையைக் கொண்டுபோய் ஒப்படைத்தது அப்பாதான், அதுவும் இதே பிக்கப்பில். "நீங்கள்தானே கொண்டுபோய் விட்டனீங்கள்" என்று அம்மா ஒருநாள் சொன்னார். அதன் பிறகு அவர் அப்பாவோடு கதைத்து நான் கேட்கவில்லை. சோற்றைப் போட்டு மூடிவைப்பார். அப்பா எடுத்துச் சாப்பிடுவார். செபமாலை சொல்லும்போது மட்டும் இருவரின் குரலும் சேர்ந்து கேட்கும். அதுவும் மாதாவோடு கதைப்பதே தவிர ஒருவரோடொருவர் அல்ல. அண்ணை எங்கோ ஒரு தீவு முகாமில் உயிரோடு இருக்கிறார் என்பது நெடுநாள் கழித்துத்தான் தெரியவந்தது. அப்போது பெரியவர்களுக்கு ஒன்றும் தெரியாது; எனக்கு அதைவிடவும் குறைவாகத் தெரியும். சண்டைக்குக் காரணம் பிக்கப்தான், அது சரிவந்தால் எல்லாம் சரிவந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கராஜில் வேலை நிறையக் கிடந்ததால் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருக்க அப்பாவால் முடியவில்லை. வீட்டு மதிலோரம் நிழல் பார்த்து வண்டியை நிறுத்தி, சாக்கொன்றை விரித்து அடியில் நுழைந்தார். கையில் ஒரு சின்ன பல்பும் இரண்டு வயர்த் துண்டும். மின்சாரம் எதுவரை வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்று அந்தப் பல்பை வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பியூஸ் நல்லாயிருந்தது. திருகும் நல்லாயிருந்தது. மோட்டாருக்குப் போகும் வயரிலும் பல்பு எரிந்தது. எல்லாம் நன்றாயிருந்தும் வேலை மட்டும் நடக்கவில்லை என்பதுதான் அவரைக் களைக்கப் பண்ணியது. சாக்கின் மேல் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடப்பார். பிறகு முதலிலிருந்து தொடங்குவார்.

விளக்கைப் பார்த்துச் சொல்ல மேலே ஓர் ஆள் வேண்டும். முதலில் என்னை இருத்தினார்.

"எரியுதோ பிள்ளை?"

"ஓமப்பா, எரியுது!"

அப்பா அவசரமாக வெளியே ஊர்ந்து வந்து எட்டிப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தது ஹாண்ட்பிரேக்கின் சிவப்பு விளக்கை. அவர் திரும்பவும் அடியில் போய்ப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் அம்மா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அங்காலை தள்ளியிரு" என்று என்னை அடுத்த இருக்கைக்குத் தள்ளிவிட்டு, சாரதி இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"எரியுதோ?" என்றார் அப்பா கீழேயிருந்து.

"இல்லை. மின்னுது."

அம்மாவின் குரல் கேட்டதும் கீழே இரும்பு உரசும் சத்தம் நின்றது. பிறகு அப்பா மெதுவாகச் சொன்னார்: "ஒருக்கா நிப்பாட்டிப்போட்டுத் திருப்பும்."

"திருப்பிப்போட்டன்."

"இப்ப?"

"இல்லை."

பின்னேரம் முழுவதும் இப்படியே போனது. எரியுதோ, இல்லை, திருப்பும், திருப்பிப்போட்டன். எனக்குக் கொட்டாவி வந்தது. இடையில் அம்மா, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் பாருங்கோவன்" என்றார்.

"பிறகு குடிப்பம். நீர் களைச்சுப்போனீரோ?"

"எனக்கென்ன, இருந்துகொண்டுதானே இருக்கிறன்."

வெயில் மதிலைத் தாண்டிச் சரிந்தபோது அப்பா பிழையைக் கண்டுபிடித்தார். மின்சாரம் மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது, திரும்பி வரத்தான் வழியில்லை. வண்டியின் உடலோடு பூட்டியிருந்த எர்த் வயரை உப்புத் தண்ணீர் தின்றுவிட்டிருந்தது.

"இஞ்சை கிடக்குது. உள்ளுக்கை ஒரே பச்சைத் தூள்."

வயரை வெட்டி, சுரண்டித் துப்புரவாக்கி, திரும்பப் பூட்டி முறுக்கினார்.

"இப்ப திருப்பும்."

அம்மா திருப்பினார். எங்கள் காலடியில் மோட்டார் கர்ரென்று சுழன்று டக்கென்று நின்றது. பச்சை விளக்கு மின்னாமல், அசையாமல் எரிந்தது. நான் கத்துவதற்கு வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் கையை வைத்து அழுத்தினார்.

"எரியுதோ?"

அம்மா விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லை" என்றார்.

மோட்டார் சுழன்றது அப்பாவின் முகத்துக்கு நேரே. மேலே இருந்த எனக்கே கேட்ட சத்தம் அவருக்குக் கேட்காமல் போக நியாயமில்லை. ஆனாலும் அவர் சொன்னார்: "சரி, அப்ப இன்னொருக்காப் பாப்பம். நீர் இரும்."

"இருக்கிறன்" என்றார் அம்மா.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஒருவருக்குக் கண் தெரியவில்லை, மற்றவருக்குக் காது கேட்கவில்லை, இவர்களை நம்பி இந்த வண்டி எந்தக் காலத்தில் கரைக்குப் போகப்போகிறது என்று நினைத்தபடி, கதவைத் திறந்துகொண்டு விளையாடப் போய்விட்டேன்.