தேதி கேட்ட கம்ப்யூட்டர்

அந்தத் தெருவில் எல்லோரும் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தொரு வருடம் அரசு ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையை விட்டு ஆறு வருடமாகியும் அந்தப் பேர் அவளை விடவில்லை. காய்ச்சல் என்றாலும் வந்து கதவைத் தட்டுவார்கள், மாமியார் சண்டை என்றாலும் தட்டுவார்கள். யாராவது சுற்றி வளைத்துப் பேசினால் அவளுக்குப் பொறுக்காது. "வலி எங்க இருக்கு, அதை மட்டும் சொல்லுங்க" என்பாள்.

பழைய சாமான்களைக் கட்டிக்கொண்டு அழுகிற சுபாவமும் அவளுக்குக் கிடையாது. கதவு சரியாக மூடாத ஃபிரிட்ஜை ஒரே வாரத்தில் மாற்றியவள். கல்யாணத்துக்கு வந்த கட்டிலையே கால் ஆடுகிறது என்று கொடுத்தவள். அப்படிப்பட்டவள் கூடத்து மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போன் செய்யும்போதெல்லாம், "அதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கித் தரேம்மா" என்பாள். சிஸ்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

அது ஓடிய லட்சணம் நமக்குத் தெரியாதா. பட்டனை அமுக்கிவிட்டுப் போய்க் குளித்துவிட்டே வரலாம். பெட்டியின் ஒரு பக்கத்து மூடி எப்போதோ கழன்று, அந்த இடத்தை ஒரு காலண்டர் அட்டை மறைத்துக்கொண்டிருந்தது. உள்ளே விசிறி அரைத்துக்கொண்டே சுற்றும். இதெல்லாம் போதாதென்று, தினமும் காலையில் அதற்குத் தேதி மறந்துபோகும். முந்தின நாள் சுவரில் மெயின் சுவிட்சை அணைத்தோமானால் போச்சு. மறுநாள் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், தேதியும் நேரமும் இல்லை, போடு என்று கேட்டுக்கொண்டு நிற்கும். மாதம், நாள், வருடம், மணி என்று ஒவ்வொன்றாக அடித்துக் கொடுத்தால்தான் வேலைக்கு வரும்.

அடித்துக் கொடுப்பவர் அவள் கணவர். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, கண்காணிப்பாளராகி வெளியே வந்தவர். அங்கே அவருக்குத் தேதிக்காரர் என்று பேர். எந்த வருடத்து எந்தத் தேதியைச் சொன்னாலும் என்ன கிழமை என்று சொல்லிவிடுவார். தேதியில் ஒரு எண் தவறினால் ஒரு மனுஷனின் பள்ளிக்கூடம், வேலை, பென்ஷன் எல்லாம் தவறிவிடும் என்று புதிதாகச் சேர்ந்தவர்களை அவர் படுத்தின பாடு கொஞ்ச நஞ்சமல்ல. கம்ப்யூட்டர் முதன்முதலாகத் தேதி கேட்ட அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். "பாத்தியா, இதுக்கே நான்தான் சொல்ல வேண்டியிருக்கு" என்றார்.

ஒன்றேகால் வருடத்துக்கு முந்தின கதை அது. முனைக்கடை கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்து பார்த்தார். வேலை செய்யும்போது உதட்டில் எப்போதும் ஒரு திருகாணியைக் கவ்வியிருப்பார், அதனால் ஊரே அவரைத் திருகாணி என்றது. உள்ளே கைக்கடிகார பேட்டரி மாதிரி வட்டமாக ஒன்று இருக்கிறது, அது செத்துவிட்டது, ஒரு டீ விலைதான், அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வாரத்துக்குள்தான் அது நடந்தது. கணவர் குளிக்கப் போயிருந்தபோது, பாத்திரம் கழுவின கையோடு சிஸ்டர் மின்கட்டணம் பார்க்க உட்கார்ந்தாள். திரையின் மூலையில் போன மாதம் இருந்தது. கை தவறியிருக்கும் என்று மாற்றி வைத்தாள். மூன்று நாள் கழித்து மறுபடியும் போன மாதம். அதற்கடுத்த நாள் மாதம் சரி, தேதி பதினொன்று தள்ளி.

அது என்னவென்று அவளுக்குத் தெரியும். தெரியாமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். வார்டில் வயதானவர்கள் வந்து படுத்தால் அவள் கேட்கும் முதல் மூன்று கேள்விகள்: உங்க பேர் என்ன, இது எந்த இடம், இன்னைக்கு என்ன தேதி. பேரைச் சட்டென்று சொல்வார்கள். இடத்தையும் ஒருவாறு சொல்லிவிடுவார்கள். மூன்றாவதில் சிலர் முகம் மாறும். ஜன்னலைப் பார்ப்பார்கள், சிரித்து மழுப்புவார்கள், கூட வந்த மனைவியைப் பார்ப்பார்கள். சிஸ்டர் அந்த மனைவியிடம் திரும்பி, "ஏம்மா, இத்தனை நாள் என்ன பண்ணிட்டு இருந்தீங்க, முன்னாடியே கூட்டிட்டு வரக்கூடாதா" என்று கடிந்துகொள்வாள். நூறு பேரையாவது அப்படிக் கேட்டிருப்பாள்.

இப்போது அவள் முறை. ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் கேட்ட கேள்வியை வீட்டில் இருக்கிறவரிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. தேதிக்காரரைப் பார்த்துத் தேதி கேட்பதா? கேட்டுவிட்டால் அவருக்கும் தெரிந்துவிடும், தனக்கும் தெரிந்துவிடும், பிறகு இந்த வீடு வேறு வீடாகிவிடும் என்று பயந்தாள். பயம்தான், அதற்கு வேறு பேர் வைத்துப் பூசி மெழுக வேண்டாம்.

மறுநாள் திருகாணி பேட்டரியோடு வாசலில் வந்து நின்றார்.

"சார் இருக்காரா சிஸ்டர்? ரெண்டு நிமிஷ வேலை."

"நாங்க வெளிய கிளம்பிட்டு இருக்கோம். குடுத்துட்டுப் போங்க, நானே கூப்பிடுறேன்."

வெளியே எங்கேயும் கிளம்பவில்லை. பேட்டரியை வாங்கித் தன் பழைய ஆஸ்பத்திரிக் கைப்பையில், தெர்மாமீட்டர் உறைக்குப் பக்கத்தில் போட்டு மூடினாள். அவள் கேட்க முடியாததை அந்த ஓட்டைக் கம்ப்யூட்டர் தினமும் காலையில் அவருக்கு வலிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் வாயை அடைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அன்றிலிருந்து ஒரு வழக்கமாகிவிட்டது. அவர் தேதி போட்டுவிட்டு, செய்திகளைப் படித்துவிட்டு, அக்கம்பக்கத்தார் நிரப்பித் தரச் சொன்ன விண்ணப்பம் ஏதாவது இருந்தால் பார்த்துவிட்டுக் குளிக்கப் போவார். சிஸ்டர் சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்து மூலையைப் பார்ப்பாள். சரியாக இருந்தால் கைப்பையிலிருக்கும் சின்ன நோட்டில் ஒரு டிக். தப்பாக இருந்தால் ஒரு பெருக்கல் குறி, பிறகு தேதியைத் திருத்திவிட்டுத் திரும்பிப் போவாள். விண்ணப்பங்களையும் ஒரு முறை கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துவிடுவாள். முதல் மாதம் நாலு பெருக்கல். ஆறாவது மாதம் ஒன்பது. அதற்கு மேல் அவள் கூட்டிப் பார்க்கவில்லை. வார்டில் யாராவது சார்ட்டைக் கூட்டிப் பார்க்காமல் விட்டிருந்தால் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்டு உடைய ஆரம்பித்தது. மகளோடு வீடியோவில் பேசுகிற நாள். சிஸ்டர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தால், கணவர் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து மோடத்தின் வயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டிக்கொண்டிருக்கிறார். எந்தப் பக்கமும் திறக்கவில்லையாம். இன்டர்நெட் கம்பெனிக்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார். திரையில், உங்கள் கடிகாரம் தவறாக இருக்கிறது என்று ஒரு அறிவிப்பு. மூலையில் பதினேழு வருடத்துக்கு முந்தின வருடம் இருந்தது. அந்த வருடம் மகள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள்.

"டீ போடட்டுமாங்க?" என்றாள் சிஸ்டர். அவர் கை கழுவப் போனதும் வருடத்தைத் திருத்தினாள். ஆனால் ஒரு மணி நேரம் காத்துக்கிடந்த மகளுக்குப் பொறுமை போய்விட்டது. "இனிமே உங்களைக் கேக்கப் போறதில்ல" என்று போனை வைத்தாள். அடுத்த வாரமே லீவு போட்டுக்கொண்டு, புதுக் கம்ப்யூட்டர் பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

பழையதிலிருந்து படங்களையும் கடிதங்களையும் மாற்றித் தரத் திருகாணியைக் கூப்பிட்டார்கள். கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். காலண்டர் அட்டையை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்த திருகாணி உதட்டிலிருந்த திருகாணியைக் கையில் எடுத்தார்.

"என்ன சிஸ்டர், நான் குடுத்த பேட்டரி போடவே இல்லையா? பழசுதான் இன்னும் இருக்கு."

"எந்த பேட்டரி?" என்றாள் மகள்.

"தேதி நிக்கறதுக்கு. ஒரு வருஷம் ஆச்சு, சிஸ்டர் கையிலதான் குடுத்தேன்."

வார்டில் ஒரு ஊசி குறைந்தால்கூட ராத்திரி முழுக்கத் தேடுகிறவள், "எங்கயோ வச்சுட்டேன்" என்று மென்று விழுங்கினாள். அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, அதனால் அது ஒட்டவில்லை. "நல்லா இருக்கும்மா, ஒரு சின்ன பேட்டரிக்காக அப்பாவை ஒரு வருஷம் படுத்தியிருக்க" என்று மகள் சிரித்தாள். கணவர் சிரிக்கவில்லை. சிஸ்டர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுக் கம்ப்யூட்டர் சத்தமே இல்லாமல் திறந்தது. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தேதி, கிழமை, மணி எல்லாம் தானாக மூலையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"பாருங்கப்பா, இனிமே நீங்க எதுவும் போட வேண்டாம். அதுக்கே தெரியும்."

"ம். கெட்டிக்காரத்தனமாத்தான் இருக்கு" என்றார் அவர்.

பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருகாணி வெளியே போனார். வண்டியில் ஏற்ற மகளும் கூடப் போனாள். கூடத்தில் இரண்டு பேரும் தனியாக இருந்தார்கள். சிஸ்டர் மேஜையில் படிந்திருந்த தூசியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"கீபோர்டு ஈரமா இருக்கும்" என்றார் அவர்.

அவள் கை நின்றது.

"நான் குளிச்சுட்டு வந்து தொட்டா ஈரமா இருக்கும். தேதியும் மாறியிருக்கும். முதல்ல அதுவே சரி பண்ணிக்குதுன்னு நினைச்சேன். அப்புறம் ஈரம் இல்லாத நாள்ல சந்தோஷமா இருக்கும். இன்னைக்குப் பாஸ்னு."

அவள் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். ஒன்றேகால் வருடம் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தவளை அவர் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள்.

"நீ ஏன் கேக்கல?"

"எப்படிங்க கேப்பேன்?"

"ஆயிரம் பேரைக் கேட்டிருக்க."

"அவங்க யாரும் நீங்க இல்லையே."

அவர் புதுத் திரையைப் பார்த்தார். "இது இனிமே கேக்காது. நீதான் கேக்கணும். பிளாஸ்டர் இருந்தா ஒரு துண்டு குடு."

அவள் கைப்பையிலிருந்து காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை எடுத்துக் கிழித்துக் கொடுத்தாள். புத்தம் புதுத் திரையின் மூலையில், தேதியை மறைத்து அதை ஒட்டினார். விரலால் இரண்டு முறை தேய்த்து அழுத்தினார்.

மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்கு அவர் வந்து உட்கார்ந்தார். சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வார்டில் நின்றுகொண்டே கேட்பாள். இங்கே அப்படி முடியவில்லை. இரண்டு முறை தொண்டையைச் செருமினாள்.

"இன்னைக்கு என்ன தேதிங்க?"

அவர் பிளாஸ்டரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். கடைசியில் அவளைப் பார்த்தார். மழுப்பிச் சிரிக்கவில்லை.

"பன்னெண்டு."

அன்றைக்குப் பத்தொன்பதாம் தேதி. ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவர் குளிக்கப் போன பிறகு வழக்கம்போல் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றியது. திருத்துவதற்கு இப்போது ஒன்றுமில்லை என்பது உடனே நினைவுக்கு வந்தது.

"இல்லங்க. பத்தொம்பது."

"பத்தொம்பதா" என்றார். "சரி. எழுதிக்கோ."

நோட்டு இருப்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவள் அதை எடுத்து அவர் கண் முன்னாலேயே பெருக்கல் குறி போட்டாள். பின்னால் சமையலறை வாசலில், இரண்டு கையிலும் காபி டம்ளரோடு மகள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. நேற்றுச் சிரித்த முகம் இப்போது வேறு மாதிரி இருந்தது. உள்ளே வரவும் இல்லை, டம்ளரைக் கீழே வைக்கவும் இல்லை.

"டாக்டரைப் பாக்கப் போகலாங்க, இன்னைக்கே" என்றாள் சிஸ்டர்.

"எத்தனை நாளா இருக்குன்னு கேப்பாங்க. ஏன் முன்னாடியே கூட்டிட்டு வரலன்னு உன்னைத் திட்டுவாங்க."

"திட்டட்டும். நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கேன்."

அவர் நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். டிக்குகளும் பெருக்கல்களும்தான் இருந்தன. எந்தப் பக்கத்திலும் தேதி இல்லை. "என்ன ரிக்கார்டு இது, தேதி போடாம?" என்று முனகினார். பேனாவை வாங்கிக் கடைசிப் பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் தேதியை எழுத ஆரம்பித்தார். பதிவேட்டில் முப்பது வருடம் எழுதின அதே கையெழுத்து, ஒரு கோணல் இல்லை. பத்தொன்பது என்று எழுதிப் புள்ளி வைத்தார். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிஸ்டரைப் பார்த்து, "என்ன மாசம்மா?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள்.