நீலம் பாய்ந்த உளி

என் அம்மாவுக்கு ஒரு கையில் மட்டும் முடி இருக்காது. இடது முன்கை, மழமழவென்று. ஆறாம் வகுப்பில் எனக்கு அது பெரிய மானக்கேடு. பள்ளிக்கூட மீட்டிங்குக்கு வந்தால் முந்தானையை இழுத்து மூடிக்கொள்ளச் சொல்லி உயிரை வாங்குவேன். வியாதியெல்லாம் இல்லை. உளி தீட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். கூர் ஏறிவிட்டதா என்று முன்கை முடியைச் சிரைத்துப் பார்ப்பது ஆசாரிகள் வழக்கம்.

கும்மிடிப்பூண்டியில் மரப்பெட்டி செய்யும் பட்டறை ஒன்றில் அம்மா ஹெல்பர். மரத்தூள் கூட்டுவாள், ஆணி பொறுக்குவாள், ஆசாரிகளுக்கு டீ வாங்கி வருவாள். அங்கே ஓர் ஆசாரி வேலையை விட்டு நின்றதும், அந்த இடத்தைத் தனக்குக் கேட்டுவிட்டாள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை, அதுவே அதிசயம்.

"உளி உன்னுதா இருக்கணும்மா, நீயே தீட்டினதா இருக்கணும். மாசக் கடைசி திங்கக்கெழம எடுத்துக்கினு வா. இல்லாங்காட்டி வேற ஆள போட்டுடுவேன்" என்றாராம். அந்தப் பட்டறையில் யாரும் யாருக்கும் உளி இரவல் தர மாட்டார்கள்.

மீஞ்சூரில் ஒரு புது உளியும் தீட்டுக்கல்லும் வாங்கி வந்தாள். அப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. அவர் இரும்பு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தார்.

"பொம்பள உளி புடிச்சிக்கினு போனா நாலு பேரு இன்னா பேசுவான்?"

"தொடப்பம் புடிச்சிக்கினு போறப்ப மட்டும் மால போட்டானுங்களா?" என்றாள் அம்மா.

முதலில் எல்லாம் கோணல்தான். கை ஆடி ஆடி, உளியின் முனை கரண்டி மாதிரி உருண்டு போனது. பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். என் ஊதா ஸ்கெட்ச் பேனாவால் உளியின் சரிவில் மை பூசிவிட்டுக் கல்லில் தேய்ப்பாள். எங்கே மை மிச்சமிருக்கிறதோ அங்கே கல் படவில்லை. பேனா தீர்ந்துபோனதற்கு நான் அழுத அழுகை தனிக் கதை. உளியின் முதுகைத் தேய்த்துத் தேய்த்து, அதில் என் பல் தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்தாள். கைமுடியும் சுத்தமாக வந்தது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கணுமே!

சூப்பர்வைசர் சொன்ன திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை, அப்பா திடீரென்று உளியைக் கேட்டார். "குடு, எங்க கம்பெனி கிரைண்டர்ல ஒரு புடி புடிச்சினு வரேன். சும்மா பிளேடு மாதிரி ஆயிடும்." அம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கொடுத்தாள். அப்பா ஒருவழியாக இறங்கி வந்துவிட்டாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் உளி வந்தது. அடேயப்பா, என்ன அழகு! முனையில் விரல் அகலத்துக்கு நீல நிறம், மயில் கழுத்து மாதிரி மின்னியது. அம்மா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு மரத்துண்டில் வைத்துத் தட்டினாள். முனை தகரம் மாதிரி மடங்கிக்கொண்டது.

"தண்ணி தொட்டுத் தொட்டு புடிச்சீங்களா?"

"அவசரத்துல மறந்துட்டேன்" என்றார் அப்பா, செருப்பைக் கழற்றிக்கொண்டே.

அம்மா உளியைத் துணியில் சுற்றி வைத்தாள். அவருக்குச் சோறு போட்டாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கல்லின் முன்னால் உட்கார்ந்தவள், அந்த நீலம் முழுவதையும் தேய்த்துத் தள்ளும்வரை எழுந்திருக்கவில்லை. விரல்நுனி தோலுரிந்து சிவந்துவிட்டது. மத்தியானம் அப்பா, யாரும் சொல்லாமலே, ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். எனக்கோ அம்மா மேல்தான் எரிச்சல். "அப்பா எவ்ளோ அழகா பண்ணிக் குடுத்தாரு, நீ ஏம்மா அத்த அழிக்கிற?" என்று சண்டை போட்டேன்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் உளியை வாங்கிப் பார்த்துவிட்டு, "புது உளி இம்மா குட்டையா கீதே?" என்று கேட்டாராம். "கத்துக்கறப்ப தேஞ்சி பூட்ச்சி சார்" என்றாளாம் அம்மா. வேலை கிடைத்துவிட்டது. அன்று சாயங்காலம் இதைச் சொல்லிச் சொல்லி அவள் சிரிக்க, அப்பா மட்டும் தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை. அவருக்குப் பசி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

படிப்பை முடித்து நானும் அப்பாவுடையது மாதிரி ஓர் இரும்பு உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் நாள், அங்கிருந்த அக்கா ஒருத்தி தட்டிலிருந்து ஒரு பீஸைப் பொறுக்கி எடுத்துக் காட்டினாள். "நீலமா கீதா? சூடு மீறிப் போச்சு, இனி இது செத்த இரும்பு. தூக்கி ரிஜெக்ட்ல போடு. கிரைண்டிங் செக்‌ஷன்ல சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும்."

அப்பா கிரைண்டிங் செக்‌ஷனில்தான் வேலை பார்த்தார், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே. அது அம்மாவுக்கும் தெரியும்.