தட்டித் திறந்த வீடு

ஈரச் சுண்ணாம்பு மணம் வந்தால், இலங்கை மலையகத்துக் கொட்டகலையில் எனக்கு வீடு பார்த்துத் தந்த தரகர் நினைவுக்கு வருவார். கம்பி முறிந்த குடை, மழையில் சுருங்கிய கோட்டு. தேயிலைத் தோட்டத்தில் எனக்கு வேலை போய், நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மனைவிக்கு நிறைமாதம்.

பூட்டைத் திறக்குமுன் கதவைத் தட்டிவிட்டு நின்றார்.

"உள்ளதான் யாருமில்லையே, எதுக்குண்ணே தட்டுறீங்க?"

"குடியிருந்தவங்க நேத்துத்தான் இந்தியாவுக்குக் கப்பல் புடிக்க ரயிலேறுனாங்க, தம்பி. இங்கயே பொறந்தவங்க. சொல்லாம நுழையக் கூடாதுங்க."

புதுச் சுண்ணாம்பை மீறி, சாமி மாடத்தில் அவர்களுடைய குங்குமம் கசிந்திருந்தது.

"எங்க பேரும் இந்தியாவுக்கு அனுப்புற பட்டியல்லதான் எழுதியிருக்கு. புள்ள பொறக்குற வரைக்கும் இருந்தா போதும்" என்றேன்.

சாவியை என் கையில் வைத்து, சற்று நேரம் விடாமல் பிடித்திருந்தார்.

"நீங்க போன பொறகும் தட்டித்தாங்க தொறப்பேன்."