கல்லும் கம்பும் நடாத வயல்

டென்மார்க்கின் விபோர்க்கில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் பார்லி வயல் இன்னும் வயலாகவே இருக்கிறதென்றால், மட்டக்களப்புக்காரி செசிலியா அக்காவும் அதற்கு ஒரு காரணம். ஒரு கம்பெனி அதை வாங்கிக் களஞ்சியம் கட்ட வந்தபோது, ஊரார் சங்கம் அமைத்து, பணம் திரட்டி, முந்திக்கொண்டார்கள். அந்தச் சங்கத்தில் ஒரே தமிழ் ஆள் அக்காதான். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்ததும் வீடு வீடாகப் போய்க் கதவு தட்டுவார். "ஊரில காணி பறிபோகுது, இஞ்ச வெள்ளைக்காரன்ர வயலுக்குக் காவலோ?" என்று நாங்கள் சிரித்தோம். எங்களுக்கு வாய் நீளம்.

காணி உறுதி எழுதும் நாளில், வயலோரம் ஆறியிருக்க ஒரு வாங்குப் பலகையும் ஒரு நினைவுக்கல்லும் வைக்க இடம் விடலாம் என்றார் சங்கத் தலைவி இங்கா. அக்கா மறுத்துவிட்டார். மட்டக்களப்பில் அக்கா வீட்டு வயலில் முதலில் ஒரு கம்பம்தான் நட்டார்கள். பிறகு கொட்டில், பிறகு இராணுவ முகாம். இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். உழுது விதைக்கலாம், கல்லோ கம்போ எதுவும் நடக்கூடாது என்று காணிப் பதிவிலேயே எழுத வைத்தார்.

அடுத்த வருடம் மே மாதம் இலங்கையில் போர் முடிந்தது. வன்னியில் இருந்த தம்பி அல்பேட் ஷெல் விழுந்து செத்துப்போனதாகச் செய்தி வந்தது. உடல் கிடைக்கவில்லை. மெழுகுதிரி கொளுத்த ஒரு கல்லறைகூட இல்லையே என்று அக்கா அழுதார். கணவர் பரமானந்தம் ஒரு சின்ன மரச்சிலுவை செய்து கொடுத்தார். அதை வயலோரம் நட ஆசைப்பட்டார் அக்கா. இந்த நாட்டில் தன்னுடையதென்று அவர் நினைத்த மண் அது ஒன்றுதான். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

இங்கா அவரைக் கட்டிப்பிடித்து, நடுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றார். மண்வெட்டியோடு நானும் கூடப் போனேன். அக்கா நெடுநேரம் நின்றார். பிறகு சிலுவையைத் துணியில் சுற்றினார்.

"வா, போவம்."

"என்னக்கா, அவவே நடச் சொல்லிட்டா எல்லே?"

"ஓம். எனக்கெண்டு விட்டா, நாளைக்குக் கம்பெனிக்காரனும் வந்து கேப்பான். அப்ப என்னெண்டு இல்லையெண்டு சொல்லுறது?"

எனக்குக் கோபம் வந்தது. செத்தவனைவிட வயல் பெரிதா என்று கேட்டுவிட்டேன். அவர் சிலுவையை அணைத்தபடி வீட்டுப் பக்கம் நடந்தார்.

நவம்பரில் மரித்த ஆத்துமாக்களின் நாள் வந்தது. ஊர்த் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு பழைய கல்லறை முன்னால் அக்கா முழந்தாளில் நின்று மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தார். கல்லில் ஏதோ டேனிஷ் பெயர்.

"ஆரக்கா இது?"

"தெரியாது பிள்ளை. இவரிட்டக் கேட்டுப்போட்டுத்தான் அல்பேட்டுக்குக் கொளுத்துறன்."